துறையில் இருந்த ஒரே மேடு

எங்கள் ஊரில் மேடு என்று ஒன்று கிடையாது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் பாய் விரித்த மாதிரிக் கிடக்கிற மணல் நிலம் இது. மழை பெய்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தண்ணீருக்கே தெரியாது. மலை பார்க்க ஆசைப்பட்டால், வாவியைக் கடந்து படுவான்கரை வயல் வட்டைக்குள் போய், வானம் வெளித்த நாளில் மேற்கே தூரத்தில் நீலமாகத் தெரிகிறதைப் பார்த்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மேடு என் வாழ்க்கையைக் கெடுத்தது என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன.

ரெண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்தின வருஷங்கள் அவை. என் புருஷன் பஸ் ஓட்டினார். எங்கள் பக்கத்தில் கல்யாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். இவர் படுவான்கரையில் இருந்து என் வீட்டுக்கு வந்தபோது ஒரு தகரப் பெட்டியும், எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புகிற இரும்புக் கம்பியும் கொண்டுவந்தார். பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று பயம். கம்பியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிற மனுஷனை எனக்குத் தெரிந்து வேறெந்தப் பெண்ணும் கட்டவில்லை.

பஸ் ஒரு போடியாருடையது. வயல்கள் நிறைய வைத்திருப்பவரை எங்கள் பக்கம் போடியார் என்போம். அவருடைய பஸ் காலையில் புளியந்தீவுச் சந்தையடியில் புறப்பட்டு, கல்லடிப் பாலம் தாண்டி, காத்தான்குடி வழியாகத் தெற்கே போய், பிறகு மேற்கே கிறுகித் துறைக்கு வரும். துறையிலிருந்து அக்கரைக்குப் போக ‘பாதை’ இருந்தது. இரண்டு பெரிய தோணிகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்த மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்று பெயர். ஆட்கள் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார்கள். அதில் ஒரு நேரத்தில் ஒரு பஸ்தான் ஏறலாம். எல்லாச் சண்டையும் இந்த ஒன்றில்தான் தொடங்கியது.

ஏனென்றால் பஸ் இரண்டு இருந்தது. மற்றது புளியந்தீவில் கடை வைத்திருந்த ஒரு முதலாளியுடையது. இரண்டும் ஒரே நேரத்தில் புறப்படும். எது முந்தித் துறைக்கு வருகிறதோ அது பாதையில் ஏறும். பிந்தியது இக்கரையில் நின்று, போன பாதை திரும்பி வரும்வரை வாவியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அக்கரையில் தயிர் முட்டியோடும் நெல்மூட்டையோடும் காத்து நிற்கிற சனமெல்லாம் முந்தின பஸ்ஸில் ஏறிவிடும். ஆகவே தினமும் ஓட்டப் போட்டி. பஸ்ஸுக்குள் இருக்கிற சனமோ, உயிரைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல் “உடு, உடு!” என்று கத்தும். சேலை மூட்டையோடு போகிற நெசவுக்கார மனுஷர், மீன் கூடையோடு போகிறவர், கோயிலுக்குப் போகிற கிழவி, எல்லாரும்தான். பிள்ளைகள் கத்தினால் அடிக்கலாம், இவர்களை யார் அடிப்பது?

முதலாளியின் பஸ் புதிது, சின்னது, பாரம் குறைந்தது. சமதரையில் பறக்கும். அதற்குச் சனம் ‘குதிரை’ என்று பெயர் வைத்தது. எங்கள் பஸ் பழையது, முதிரை மரத்தில் கூடு அடித்தது, கனம். அதற்குப் பெயர் ‘எருமை’. பத்து நாள் ஓடினால் ஒரு நாள் வெல்லும், அதுவும் குதிரைக்கு ரயர் காற்றுப் போன நாளில். சந்தையடியில் என் புருஷனைக் கண்டால் “என்ன, எருமைக்குப் புல்லு வச்சாச்சா?” என்று கேட்பார்கள். அவர் எருமை மாட்டில் மழை பெய்தது போலச் சிரித்துக்கொண்டு போவார். “பதறாத காரியம் சிதறாது புள்ள” என்று என்னிடம் சொல்வார்.

அவருடைய பெருமை வேறு இடத்தில் இருந்தது. அக்கரையில் பாதையை விட்டு இறங்கியதும் ஒரு கரைமேடு. மாரியில் வாவி பெருகித் தெருவை மூடாதிருக்க, களிமண் கொட்டித் தெருவை உயர்த்தியிருந்தார்கள். எங்கள் வழியில் இருந்த ஒரே ஏற்றம் அதுதான். குதிரை அதில் ஏறாது. சனமெல்லாம் இறங்கி, ஆம்பிளைகள் தோள் கொடுத்துத் தள்ளினால் முக்கி முனகி ஏறும். எருமையோ ஆளும் மூட்டையும் அப்படியே இருக்க, ஒரு உறுமலோடு, அவசரமில்லாமல், நின்று நின்று அல்ல, ஒரே சீராக ஏறிவிடும். மேலே போனதும் என் புருஷன் இறங்கி எஞ்சின் மூடியில் தட்டி, “நல்ல இழுவை” என்பார். தினமும் அதே சொல்தான்.

இதை யாரும் வெற்றியாக எடுக்கவில்லை. குதிரையைத் தள்ளுகிற நேரத்திலும் எருமை இக்கரையில்தானே நின்றது!

ஓட்டம் வேறு, இழுவை வேறு என்பதை ஒருநாள் நான் திரிகையில் உளுந்து உடைக்கும்போது அவர் எனக்கு விளங்கப்படுத்தினார்.

“இந்தப் பிடிக்கட்டை கல்லுட விளிம்பில இருக்கு. கை பெருசாச் சுத்தோணும், கல்லு மெதுவாத்தான் திரியும். ஆனா எவ்வளவு உளுந்து போட்டாலும் நிக்காது. கட்டையை நடுவுக்குக் கிட்ட வச்சா என்ன ஆகும்? கை கொஞ்சம் அசைஞ்சாப் போதும், கல்லு கெதியாச் சுத்தும். ஒரு பிடி உளுந்து விழுந்தவுடன நிண்டிரும். எஞ்சின் எண்டது உன்ட கை மாதிரித்தான். அது ஒண்டுதான். பின்சில்லைச் சுத்துற பின்னச்சில இருக்கிற பல்லுச்சில்லுதான் கட்டை எங்க எண்டு முடிவு பண்றது.”

“அப்ப எத்தின குதிரைப் பலம் எண்டு சொல்றாங்களே, அது?”

“அது கை எவ்வளவு பலம் எண்டது. கட்டை எங்க எண்டு அது சொல்லாது.”

எனக்கு விளங்கியது. அந்த நேரம் அவர் முகத்தில் இருந்த சந்தோஷமும் இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு கல்யாண வீட்டில் போடியாரின் மானம் கப்பலேறியது. பந்தியில் யாரோ ஒருவர், “போடியார், உங்கட பஸ்ஸில ஏறினா, மத்தியானச் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போகோணும்” என்றாராம். பந்தி முழுக்கச் சிரித்ததாம். அடுத்த நாள் விடியவே போடியார் எங்கள் வளவுக்கு வந்துவிட்டார்.

“தம்பி, இனிச் சரிவராது. குதிரையை முந்த ஏலாட்டி நான் பஸ்ஸை வித்துப்போட்டு மெய்யான எருமையே வாங்கிறன். அதெண்டாலும் வயல் உழும்.”

“முந்தலாம் போடியார். பின்னச்சுப் பல்லை மாத்தினாச் சமதரையில அதவிட ஓடும். ஆனா இழுவை போயிரும்.”

“இழுவை ஆருக்கு வேணும்? இந்த ஊர்ல எங்கடா மேடு இருக்கு?”

“துறையில இருக்கே.”

“அந்தப் பத்தடிக் கரையா? சனம் இறங்கித் தள்ளாதா? குதிரையைத் தள்ளல்லியா?”

வாசலில் நின்ற எனக்கு வாய் துருதுருத்தது. குதிரை சின்னது, எங்களுடையது முதிரைக் கூடு என்று சொல்ல வாயெடுத்தேன். புருஷன் என்னைப் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டேன். பஸ் விற்றால் அவருக்கு வேலை இல்லை. எனக்கு அப்போது மூன்று மாதம். கல்யாணம் கட்டி நாலு வருஷம் கழித்துத் தங்கியது. அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டுதான் அவரும் யோசித்தார் என்று எனக்குத் தெரியும்.

பல்லுச்சில்லு கொழும்பிலிருந்து வந்தது, கராச்சில் மாற்றினார்கள். முதல் நாளே எருமை வென்றது. மெய் சொன்னால், அன்று அவர் வீட்டுக்கு வந்த வரவை நான் முன்னும் பின்னும் பார்த்ததில்லை. “புள்ள, காத்தான்குடியைத் தாண்டினதும் அவன் எனக்குப் பின்னால!” என்று முற்றத்திலேயே கையால் காட்டினார். சந்தையடியில் புல்லுக் கதை நின்றுபோனது. கோடை முடியும்வரை வென்றார். களி காய்ந்து கல்லாய்க் கிடந்ததால் கரையில் சனம் இறங்கித் தள்ள, ஒரு மாதிரி ஏறியது. “நல்ல இழுவை” என்ற சொல்லை மட்டும் அவர் சொல்வதில்லை. நானும் கேட்கவில்லை.

மாரி தொடங்கியது. மார்கழியில், ஏழாம் மாதத்தில் மருமகளைப் பார்க்க வேணும், பலகாரம் சுட்டு வைக்கிறன் என்று அக்கரையில் இருந்து மாமி சொல்லி அனுப்பினார். நான் அவர் பஸ்ஸிலேயே போனேன், முன்னால், அவருக்கு இடப்பக்கத்து ஆசனத்தில். மழை விட்டு விட்டுப் பெய்தது. அன்றும் போட்டிதான். குலுக்கத்துக்கு நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறதை அவர் ஓரக்கண்ணால் பார்த்து வேகத்தைக் குறைப்பார், பின்னால் இருந்து “உடு, உடு!” என்று கத்துவார்கள், மறுகா கூட்டுவார். நாங்கள்தான் முந்தி வந்தோம். பாதையில் ஏறியதும் சனம் கைதட்டியது.

அக்கரையில் எல்லாரையும் இறங்கச் சொன்னார். கரை நனைந்து எண்ணெய் பூசின மாதிரிக் கிடந்தது. முன்னால் இறங்கிய ஒரு கிழவி இரண்டு தரம் வழுக்கி, ஆட்கள் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். நானும் இறங்க எழும்பினேன்.

“நீ இரு புள்ள. இந்தக் களியில விழுந்தாயெண்டா என்ன செய்யிற?”

“நானும் ஒரு பாரம் எல்லுவா?”

“உன்ட பாரம் ஒரு பாரமா? இரு.”

இருந்தேன். பின்னால் ஆம்பிளைகள் தோள் கொடுத்தார்கள். பஸ் பாதிக் கரை ஏறியது. பிறகு எஞ்சினின் சத்தம் மெலிந்தது. முதல் கியர்தான், ஆனால் பின்னச்சுப் பல்லு மாறிய பிறகு அது பழைய முதல் கியர் இல்லையே. திரிகையில் உளுந்து அடைத்தால் கல் நிற்குமே, அப்படி நின்றது. அவர் பிறேக்கை மிதித்தார். சில்லு நின்றது, பஸ் நிற்கவில்லை. களியில் அப்படியே பின்னுக்கு வழுக்கியது. தள்ளியவர்கள் “விலகு, விலகு!” என்று குதித்து ஓடினார்கள். கரையில் முட்டி நின்ற பாதைக்குப் பக்கத்தால் பின்சில்லுகள் வாவிக்குள் விழுந்தன, பஸ் என் பக்கமாகச் சரிந்தது. சுக்கானைப் பிடித்திருந்த அவருடைய கை கழன்றது.

எனக்கு மேலே விழுந்தது வேறொன்றும் அல்ல, அவர்தான்.

தண்ணீர் கழுத்தளவுதான். எங்களை இழுத்து எடுத்துவிட்டார்கள். சனத்தில் ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. அன்று பொழுது சாய முன்னர் மாமியின் வீட்டில் எனக்குப் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. அழவில்லை. அடுப்படியில் சுட்ட பலகாரம் மூடியபடி இருந்தது.

நாவூறு என்றார்கள் சிலர். ஏழாம் மாதத்தில் தண்ணி கடந்தது பிழை என்றார்கள் சிலர். மழை, பிறேக், என் ஜாதகம், எல்லாவற்றையும் சொன்னார்கள். போட்டியை ஒருவரும் சொல்லவில்லை. கத்தினவர்கள்தானே துக்கம் விசாரிக்கவும் வந்தார்கள், எப்படிச் சொல்வார்கள்? எனக்கு அவர்கள் ஒவ்வொருவருடைய வாயிலும் அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட வேண்டும் போல இருந்தது.

வாவிக்குள் கிடந்த பஸ்ஸைப் போடியார் எருமை பூட்டி இழுத்து எடுத்தார். மெய்யான எருமைகள். அவசரமில்லாமல் கயிற்றை இறுக்கி இழுத்து அதைக் கரையேற்றியதாகச் சொன்னார்கள். பிறகு பழைய பல்லுச்சில்லையே திரும்பப் போட்டு, வேறு ஒரு சாரதியை வைத்தார். கம்பியை வாங்கிக்கொண்டு போக ஆள் வந்தபோது, என் புருஷன் அதைத் தலைமாட்டில் இருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதன் பிறகு அவர் எந்த வாகனத்தின் சுக்கானையும் தொடவில்லை. கூலிக்கு வயல் வெட்டினார், வலை கட்டினார். எனக்குப் பக்கத்தில் படுக்கும்போதுகூட நடுவில் இடம் விட்டுத்தான் படுப்பார், தன் பாரம் என்மேல் பட்டுவிடும் என்று பயந்தவராக. நான் ஒரு நாளும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்குமோ என்னவோ. எங்களுக்குப் பிறகு பிள்ளை கிடைக்கவில்லை.

அடுத்த மாரியில் மாமிக்குச் சுகயீனம் கடுமை என்று செய்தி வந்தது. போக வேறு வழி இல்லை. குதிரை முன்பே போய்விட்டது. எருமையில் ஏறிப் பின்னாசனத்தில், வெளியே பார்க்காமல் இரண்டு பேரும் இருந்தோம். அக்கரையில் பாதை முட்டியதும் கொண்டக்டர் சத்தம் போட்டுச் சொன்னான்.

“ஆரும் இறங்கத் தேவையில்ல. எருமை எல்லாரையும் ஏத்தும். அப்படியே இருங்க.”

என் புருஷன் எழும்பி இறங்கினார். நானும் இறங்கினேன். “என்னகா, மழைக்குள்ள நடக்கிறயள்?” என்று யாரோ கேட்டார்கள். அவர் என் கையைப் பிடித்தார், அந்தப் பஸ்ஸுக்கு வெளியே, அந்தக் களியில், ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தரமாக. கால் விரலை ஊன்றி ஊன்றி இரண்டு பேரும் ஏறினோம். பக்கத்தால், ஆளும் மூட்டையும் கைப்பிள்ளைகளுமாக, அந்தப் பழைய உறுமலோடு, ஒரே சீராக எருமை எங்களைத் தாண்டி மேலே போனது. அவர் பாதிக் கரையில் நின்று அந்தச் சத்தம் முடியும்வரை கேட்டார்.

“நல்ல இழுவை” என்றார்.

 அப்படியே களியில் குந்தியிருந்து அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். மேலே பஸ் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றது.