கழுவிப் போட்ட எலும்பு

பச்சைக் கோழிக்கழுத்து ஒரு நாயின் கடைவாயில் நொறுங்கும்போது, பிஞ்சு வெள்ளரிக்காயைக் கடிப்பதுபோல ஈரமாக ஒரு சத்தம் வரும். நாகல் நகரில் நான் வளர்ந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விடிந்தது என்பதற்கு எனக்கு அந்தச் சத்தம்தான் அடையாளம். கடித்தது பூட்ஸ். செவலை நிற நாட்டு நாய், நான்கு கால்களிலும் முட்டிவரை வெள்ளை, அதனால் அந்தப் பெயர்.

வெங்காய மண்டியில் வேலை பார்த்த அப்பா, சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் நேரே கோழிக்கடைக்குப் போய், வீட்டுக் கறியை ஒரு பையிலும் பூட்ஸின் பங்கான கழுத்து, கால், கல்லீரலை இன்னொரு பையிலும் வாங்கி வருவார். வந்த கையோடு அதைக் குழாயடிக்குப் பக்கத்தில் கிடந்த பட்டைக்கல்லில் போட்டுவிட வேண்டும். வெயிலில் வைத்திருந்து போடுவது அவருக்கு ஆகாது. 'செத்த நேரம்' பார்ப்பார், மிச்சம் இருந்தால் எடுத்துக் குழியில் புதைத்துவிட்டுக் கல்லின் மேல் கொதிக்கிற வெந்நீரை ஊற்றுவார். பூட்ஸின் பங்கை வெட்டுகிற கத்தி அடுக்களைப் பக்கம் வந்தால் அம்மா சாமியாடிவிடுவாள். "பச்சக்கறி தின்னா ரத்த ருசி ஏறி ஆளக் கடிக்கும்ணே" என்று எதிர்வீட்டுக்காரர் பயமுறுத்தினால், "கடிக்கணும்னா ஒங்களத்தான் மொதல்ல கடிச்சிருக்கும்" என்று சிரித்துக்கொண்டே வெந்நீர்ச் சட்டியைக் கவிழ்ப்பார்.

இவ்வளவு தாராளமாக இருந்த மனிதர், நாங்கள் தின்று போட்ட எலும்பை மட்டும் பூட்ஸுக்கு வைக்க விட்டதில்லை. அதெல்லாம் காகிதத்தில் சுருட்டிக் குப்பைக்குப் போய்விடும். "நம்ம வீட்டு ஆளுக்கு யாராவது எச்சி எலும்பு போடுவாகளா?" என்பார். அதனால் அதை மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் என்றே நான் நினைத்துக்கொண்டேன். அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அப்பாவுக்கே அது தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின தவசுக்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டு வாசலைக் கறி தாண்டாது. அம்மா அதில் நாய்க்கும் விலக்குத் தரமாட்டாள். "நாப்பது நாளு நாமளே வாயக் கட்டுறோம், அதுவும் கட்டட்டும்" என்று மோர்ச்சோற்றைப் பிசைந்து வைப்பாள். பூட்ஸ் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, ஞாயிறு தவறாமல் பட்டைக்கல்லின் அருகே போய் உட்கார்ந்துகொண்டு அப்பாவின் கையையே பார்த்திருக்கும். எனக்கு அப்போது பதினொரு வயது. பாஸ்கா அன்றைக்கு உனக்கு வயிறு முட்ட விருந்து என்று அதன் காதில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்த வருடம் பாஸ்காவுக்குக் குஜிலியம்பாறையிலிருந்து அத்தை வந்திருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை; கம்பும் சோளமும் விளைகிற மானாவாரிக் காட்டில் இருந்து வருடத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் தங்குவதற்காகவே வருவாள். கோழிக்கடைக் கூட்டத்தில் இடிபட்டு வந்த அப்பா, வீட்டுக் கறியை இறக்கி வைத்தபிறகுதான் பூட்ஸின் பங்கு இல்லாததைப் பார்த்தார். "மறந்துட்டேன்டா அப்பு, நாளைக்கு வாங்கியாரேன்" என்று நாயிடமே சொல்லிவிட்டுப் பிரியாணி வேலையில் இறங்கிவிட்டார். நாங்கள் எல்லோரும் விரல் சூப்பச் சாப்பிட்டோம். பூட்ஸ் கல்லுக்கருகே வெறும் வாயோடு உட்கார்ந்திருந்தது. எனக்கு ஆற்றமாட்டாத கோபம் வந்தது.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அத்தையிடம் ஒரு பேசின் கேட்டேன். எதற்கென்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். இலைகளில் கிடந்த கோழி எலும்புகளை எல்லாம் பொறுக்கிப் போட்டு, குழாயடியில் வைத்து ஒருமுறைக்கு மூன்றுமுறை நன்றாகக் கழுவினேன். எச்சில் போய்விட்டால் அப்பா சொன்ன குற்றம் போய்விடுகிறது அல்லவா? அப்படித்தான் என் புத்தி வேலை செய்தது. நாற்பது நாள் காத்திருந்த பூட்ஸ் மென்றுகூடப் பார்க்காமல் அள்ளி விழுங்கியது. அதன் வால் ஆடியதைப் பார்த்து நான் பூரித்துப்போனேன்.

சாயங்காலமே சுருண்டு படுத்துவிட்டது. விடிந்தபோது வாயில் நுரையும் ரத்தமும். அப்பா தோளில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓட, நானும் பின்னால் ஓடினேன். "சமைச்ச எலும்பு போட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "வெந்த எலும்பு ஊசி ஊசியா ஒடையும், கொடலக் கிழிச்சிரும்." அப்பா இல்லவே இல்லை என்று சாதித்தார். நான் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்; வாய் திறக்கவில்லை. மதியத்துக்குள் பூட்ஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தவர் வாசலில் நின்றபடியே பொதுவாகச் சொன்னார்: "வந்தவுக நம்ம வீட்டு மொற தெரியாம கண்டதயும் போட்டா இப்பிடித்தான் ஆகும்." வந்தவர் என்று அந்த வீட்டில் இருந்தது அத்தை ஒருத்திதான். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு கொடியில் காய்ந்த சேலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நான் வாரேண்ணே" என்று பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு கல்யாணம், சாவு என்றால் தலைகாட்டினாளே தவிர, எந்தப் பாஸ்காவுக்கும் வரவில்லை. சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று நான் நாள் கடத்திக்கொண்டிருந்தபோதே அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

இப்போது என் மகள் ஒரு நாய் வளர்க்கிறாள். அதற்கும் பச்சைக்கறிதான், ஆனால் டாக்டரிடம் கேட்டு. உறைய வைத்த கறியை முந்தின நாளே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடி வைத்து இளக விடுகிறாள். தனிக் கத்தி, தனிப் பலகை, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவல். பச்சையாகக் கொடுத்தால் கிருமி ஆபத்து உண்டு, குடற்புழு மருந்தைத் தவறவிடாதீர்கள், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை எனக்கும் ஒப்பிக்கிறாள். வெந்த எலும்பைப் பற்றி மட்டும் அவள் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போன பாஸ்கா அன்று அத்தைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"எனக்குத் தெரியும் தாயி. கொழாயடில நீ கழுவுனத நாந்தான பாத்தேன். சின்னப்புள்ள வெளையாடுதுன்னு நெனச்சேன். பேசினு நாங் குடுத்தது, அதுனால நான் போட்டதுன்னே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அடுத்த பாஸ்காவுக்காவது வாங்க அத்தை என்று கூப்பிட்டேன். "அண்ணன் கூப்டாம அந்த வீட்டுக்கு எப்பிடித்தா வர்றது?" என்றாள்.

பட்டைக்கல் இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் ஒட்டியிருக்கிறோம். கூப்பிட வேண்டியவர் கூடத்துச் சுவரில் படமாக இருக்கிறார்.