சாயம் போகிற பண்ணைப்பூ

எட்டாவதோடு நின்ற நான் எழுத வந்தது அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். செய்யார் பஸ்ஸுக்கு நின்றபோது சாலையோரம் பண்ணைக்கீரை பூத்திருந்தது. கதிர் போன்ற பூ. நுனியில் ரோஜா நிறம், அடியில் வெள்ளை. தொட்டால் காகிதம் போலச் சரசரத்தது.

எழுபதுகளில், ஆரணியில் நாங்கள் நெசவுக்கான பட்டு நூலைப் பாவாக நீட்டிக் கட்டும் தெருவோரம் இதே செடி முளைத்தது.

"அடியில சாயம் போவுதே, நைனா?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"செடிக்கு எவன் சாயம் போட்டான்? காலைல பாவு போடணும். இழை மாட்டிகினா அறுந்துபூடும். ஜல்தி புடுங்கு."

"ஒரு நாள் உடுங்க நைனா. வெள்ளை மேல ஏறுதான்னு பாக்கறேன்."

இரண்டு நிறமும் சேரும் இடத்தில் கறுப்புப் பட்டிழையைக் கட்டினேன்.

"பூவுக்கே அளவு எடுக்கிறியா!" என்றார் அப்பா.

மறுநாள் வெள்ளை அந்த இழையைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. அப்பா செடியை விட்டுத் தள்ளிப் பாவு போட்டார்.