பதினொன்று பத்துக்கு அடித்த மணி

காலை பதினொன்று பத்துக்கு வாசல் மணி அடித்தது. இன்று அதன் பொத்தான் மேல் ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது, அன்று இல்லை. கொட்டாம்பட்டியிலிருந்து நாத்தனார் கல்யாணப் பத்திரிகையோடு வந்திருந்தார். இரவெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்த்த என் மகன் ஏழு மணிக்குத்தான் படுத்திருந்தான். “மருமகனுக்கு இன்னும் விடியலையாக்கும் மதினி?” என்றார் நாத்தனார். வந்தவர்களை ‘வாங்க’ என்று கேட்காத பிள்ளையை வளர்த்தவள் என்ற பேச்சு எனக்கு எதற்கு? எழுப்பினேன். “வாங்கத்தை” என்றவன் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். “தலை வெடிக்குதும்மா.”

கே.கே. நகரில் எங்கள் தெருமுனைக் கிளினிக்கில் பிரஷர் பார்த்த சிஸ்டர், நம்பாமல் மறு கையிலும் பார்த்தார். மேலே நூற்றுத் தொண்ணூறு. அவனுக்கு வயது இருபத்தெட்டு. டாக்டர் மாத்திரை கொடுத்து, பரிசோதனைகள் எழுதி, அவனைப் படுக்க வைத்தார். என்னைச் சிஸ்டர்தான் ஓரமாக உட்கார வைத்தார்.

“பையன் பகல்ல எம்புட்டு நேரம் தூங்குவான்?”

“எட்டு மணி நேரம் படுத்திருப்பான் சிஸ்டர்.”

“படுக்கிறதக் கேக்கலம்மா. எத்தனை வாட்டி எழுப்புவீங்க?”

எண்ணிப் பார்த்தேன். இட்லி ஆறிவிடும் என்று ஒன்பதரைக்கு, சோற்றுக்கு ஒரு மணிக்கு, நடுவில் கூரியர், சிலிண்டர், சொந்தக்காரர்கள். வெறும் வயிற்றோடு பிள்ளையைத் தூங்க விடக்கூடாது என்பதுதான் நான் அறிந்த பாசம்.

“தூங்குறப்பதான் பிரஷர் இறங்கும். நைட்டு வேலையே அதக் கெடுத்துரும். நீங்க வேற இறங்க விட மாட்டேங்கிறீங்க. கம்பெனிக்காரன்கூட அவன இம்புட்டுப் பாடுபடுத்த மாட்டான்மா!” என்று சிரித்தார். பல வருடம் நைட் டியூட்டி பார்த்து, தாமும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். அன்று அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் உடைந்துபோயிருப்பேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், கதவை யாரோ விரலால் மெல்லத் தட்டினார்கள். பக்கத்துத் தெருவில் ஊசி போட வந்த சிஸ்டர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “உக்காருங்க சிஸ்டர், இதோ எழுப்புறேன்” என்று மகனின் அறைக்கு ஓடினேன்.

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கதவிடுக்கு வழியே அவன் மூச்சு ஏறி இறங்குவதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், பையிலிருந்த பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து மணிப் பொத்தான் மேல் ஒட்டினார்.

“தூங்குறானான்னு பாக்கத்தான் வந்தேன். தூங்குறான். நான் வாரேம்மா.”