ஐந்து நிமிடம் தாங்காதவள்

நான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களில் ஒன்று, புதுச்சேரியில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே டாக்டரம்மாவின் அறைக்கு ஏசி உண்டு, மருந்துக் கடைக்கும் உண்டு. எல்லாப் பதிவுகளையும் வைத்திருக்கும் சர்வர் கணினிக்கு மட்டும் மாடிப்படிக்கு அடியில், ஜெனரேட்டர் சூடு அடிக்கும் மூலையில் இடம். "பொட்டிக்கு எதுக்கும்மா ஏசி, அதுக்கு வேர்க்கவா போவுது?" என்பார் டாக்டரம்மா. சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டேன்.

அதற்கு வேர்க்காது, நேரம் தவறும். எந்தக் கணினிக்குள்ளும் மதர்போர்டு பலகையில் பொத்தான் அளவு பேட்டரியோடு ஒரு கடிகாரம் இருக்கும். மலிவான சரக்கு. எங்கள் சர்வரில் இருந்தது சூட்டில் நாளைக்குச் சில விநாடி பின்தங்கும். இதையெல்லாம் நம்பக்கூடாது என்று சர்வரை ஓட்டும் லினக்ஸுக்குத் தெரியும். அதனால் இணையத்தில் இருக்கும் நம்பகமான சர்வர்களிடம் அடிக்கடி மணி கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். புது இணைய இணைப்பு கொடுக்க வந்த மகராசன், பாதுகாப்பு என்று சொல்லி அந்த வழியை அடைத்துவிட்டுப் போயிருக்கிறான். நாலைந்து மாதமாக யாருக்கும் தெரியவில்லை. பிரசவ அறைச் சுவர்க் கடிகாரம் நின்று ஒரு யுகம் ஆகிறது. குழந்தை வெளியே வந்ததும் நர்ஸ் கணினியில் ஒரு பொத்தானை அழுத்துவாள். சர்வர் போடுவதுதான் பிறந்த நேரம்.

அன்று நான் போனது பிரிண்டர் மக்கர் செய்ததற்காக. மாடி வார்டிலிருந்து ஒரு குரல் படிக்கட்டுவரை கேட்டது.

"அஞ்சு நிமிஷம்டி. அஞ்சு நிமிஷம் பல்லக் கடிச்சிட்டு இருக்கத் துப்பில்ல உனக்கு."

விஷயத்தை நர்ஸ் சொன்னாள். இரண்டு நாள் முன்பு அந்த அம்மாவின் மருமகளுக்குப் பெண் குழந்தை. பதிவில் மாலை 4.41. ஜோசியரிடம் கேட்டால், 4.46 வரை ஆயில்யம், அதற்கப்புறம் மகம். ஆயில்யத்துப் பெண் போகிற வீட்டில் மாமியாருக்கு ஆகாதாம். அதனால் அந்தக் குழந்தை உழவர்கரையில் இருக்கும் தன் வீட்டுப் படியேறக் கூடாது என்கிறாள். மருமகள் பிள்ளையை விட்டுவிட்டு வரலாம். இல்லையென்றால் நெல்லித்தோப்பில் தாய் வீட்டிலேயே கிடக்கலாம்.

எங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் அன்று எந்தப் புனிதரின் திருநாள் என்று பார்ப்பார்கள், அதுவும் பெயர் வைக்கத்தான். இந்த அம்மாளோ என்றோ வரப்போகும் முகம் தெரியாத ஒரு சம்பந்தியின் உயிருக்காகச் சொந்தப் பேத்தியைத் தெருவில் விடுகிறாள். அவ்வளவு பரந்த மனசு எனக்குக் கிடையாது.

எட்டிப் பார்த்தேன். பெற்றவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "தாங்கித்தான் பாத்தேன் அத்தை, முடியல," என்றாள். யாரோ உடைத்த பாத்திரத்துக்கு மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிரிண்டரைச் சரிசெய்து ஒரு தாள் அச்செடுத்தேன். அதன் ஓரத்தில் இருந்த மணிக்கும் என் செல்போன் மணிக்கும் பதினோரு நிமிட வித்தியாசம். சர்வரைத் திறந்து கேட்டேன். மாதக்கணக்கில் யாரிடமும் நேரம் சரிபார்க்கவில்லை என்று கூச்சமில்லாமல் சொன்னது. அடைத்த வழியைத் திறந்துவிட்டேன். கடிகாரத்தைப் பின்னால் இழுத்தால்தான் பதிவுகள் குழம்பும், முன்னால் தள்ளுவதில் பயமில்லை. ஒரே தள்ளாகத் தள்ளினேன். பலகைக் கடிகாரத்திலும் சரியான நேரத்தை எழுதி வைத்தேன். அப்போதுதான் உறைத்தது. குழந்தை பிறந்த இந்த இரண்டு நாளில் அந்த வித்தியாசம் சில விநாடிக்கு மேல் மாறியிருக்காது. அப்படியென்றால் குழந்தை பிறந்தது 4.41 அல்ல, 4.52. குழந்தை மகம்.

டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் தலையைத் தூக்கவில்லை. "ஒரு கொழந்தைக்கு மாத்துனா நாலு மாசத்துக் கொழந்தைங்களுக்கும் மாத்தணும். பேசாம போயி வேலையப் பாரும்மா."

கீழே, அப்பன்காரன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அம்மா முடிவு சொல்லட்டும் என்று நின்றிருந்தான். பிரசவத்தின்போது அவன் அறை வாசலில்தான் இருந்தானாம். அன்றைக்கு யாருக்காவது செய்தி அனுப்பினானா என்று கேட்டேன். போனைத் தேய்த்தான். உழவர்கரையில் வீட்டில் இருந்த அம்மாவுக்கு அனுப்பியிருந்தான். 'இன்னும் ஆவல.' நேரம் 4.50.

"பாருங்க. நீங்க இத அனுப்பும்போதே ஆயில்யம் முடிஞ்சிருச்சு. அதுக்கப்பறந்தான் கொழந்த பொறந்திருக்கு. எங்க சர்வர் பின்தங்கி ஓடியிருக்கு."

அவன் அந்த வரியையே பார்த்தான். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்த மாதிரிதான் இருந்தது. அதற்குள் மாடிப்படியில் அம்மாவின் செருப்புச் சத்தம். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

நானே சொன்னேன். சர்வரைப் பற்றி, பதினோரு நிமிடத்தைப் பற்றி, மகத்தைப் பற்றி. "உங்க போன்லயும் அந்த மெசேஜ் இருக்கும்மா, எடுத்துப் பாருங்க."

அவள் போனை எடுக்கவில்லை. மகனிடம், "வண்டிய எடுடா," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு மணி பாக்கத் தெரியாதுன்னு நெனச்சியா? பொறந்த நேரத்தக் கேட்டப்பவே நீங்க எழுதுனதையும் இவன் அனுப்புனதையும் சேத்துப் பாத்துட்டேன்."

"அப்பறம் எதுக்கும்மா ஜோசியரு?"

"பையன் பொறந்திருந்தா நான் எதுக்கு ஜோசியருகிட்ட போவப்போறேன்?"

வெட்கப்பட்டாவது சொல்லியிருக்கலாம். கத்திரிக்காய் விலை சொல்வது போலச் சொன்னாள். அவன் வண்டியைக் கிளப்பினான். அவள் பின்னால் ஏறி, சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தெருமுனை திரும்பும்வரை இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பினால், பெற்றவள் பாதிப் படியில் நின்றிருந்தாள். ஒரு கையில் குழந்தை, மறுகையில் கைப்பிடிக் கம்பி. எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். தையல் போட்ட உடம்போடு இறங்கக் கூடாது என்று நர்ஸ் மேலே இருந்து கத்திக்கொண்டிருந்தாள்.

அவள் வாசல் பக்கமே பார்க்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.

"அப்ப நான் தாங்கியிருக்கேன் இல்லக்கா?"

"ஆமாம்மா," என்றேன். "தாங்கியிருக்க."