குங்கிலியம் பூசிய சாணைப்பட்டை

குன்றுதோறும் நின்றருளும் குமரவேள் திருவடி துணை.

அது உலகப் போர்க்காலத்துத் தைப்பூசத் திருநாளுக்கு முந்தைய தினம். சின்னமனூரில் இரும்புப் பட்டறை நடத்திய நான், முருகன் கோயில் மடைப்பள்ளிக்குக் கத்திகள் செய்து தர வாக்களித்திருந்தேன். அந்நேரம் பார்த்துச் சாணை இயந்திரத்தின் கல் உடைந்தது. சீமையிலிருந்து வேறு கல் வர வழியில்லை. ஆகவே இயந்திரத்தில் மர உருளைகளைப் பூட்டி, இரும்பைத் தேய்க்கும் குருந்தக்கல் தூள் ஒட்டிய படுதாப் பட்டையை ஓடவிட்டேன்.

தூளை ஒட்ட மாட்டுத்தோலில் காய்ச்சும் வச்சிரப் பசையே ஏற்றது. சுவாமி காரியத்துக்கு அது ஆகாதென்று புளியங்கொட்டைப் பசையைப் பூசினேன். கத்தி சூடேறாதிருக்க நீர் சொட்டவிட்டதும் பசை கரைந்து, தூளெல்லாம் என் வேட்டியில் வழிந்தது.

பட்டறை எஞ்சினைப் பழுதுபார்த்து முடித்திருந்த, என்னோடு மாமன் மாப்பிள்ளை முறை சொல்லிப் பழகும் உத்தமபாளையத்து ராவுத்தர் சிரித்துவிட்டார்.

"ஏன் மாமா, கத்தி செய்றீகளா, களி கிண்டுறீகளா?"

"நாளைக்கு அன்னதானம் மாப்ளே. சாமி காரியத்துக்கு வச்சிரம் ஆகாது. கோயில்ல நம்பி இருக்காக. நீ வேற!"

அவர் சைக்கிளில் ஏறிப் போனார். மாலையில், மலையிலிருந்து இறங்கிய ஏலக்காய் வண்டிக்காரரிடம் வாங்கிய குங்கிலியம் என்னும் மரப்பிசினோடு திரும்பினார். அதைச் சிறிது எண்ணெயோடு உருக்கிப் பட்டையில் பூசித் தூளைத் தூவினார். ஆறியபின் ஓட்டினோம். நீர் சொட்டியும் தூள் உதிரவில்லை, கத்திகள் பளபளத்தன.

"வச்சிரத்தையே பூசிட்டு வேற பேரு சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா மாப்ளே?" என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியாது மாமா. எனக்குத் தெரியுமே" என்றார், கையைத் துடைத்துக்கொண்டே.

என் நியமத்தைக் காப்பவன் நான் ஒருவனே என்று அதுவரை எண்ணியிருந்தேன். மறுநாள் மடைப்பள்ளியில் பூசணிக்காய் அரியும் ஓசையைக் கேட்டு நெஞ்சம் நிறைந்தேன்.

இதைப் படிப்போர் அனைவருக்கும், தம் நோன்பைத் தம்மோடு சேர்ந்து காக்கும் நண்பரை இறைவன் அருள்வானாக.