நடுவில் ஒரு பெயர்

முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் இருந்தவன் நான். ஒரு படிவத்தை எத்தனை விதமாகத் தவறாக நிரப்பலாம் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகு வந்த ஒரு படிவத்தை நானே தவறாக நிரப்பினேன்.

மெல்பர்னில் இருக்கும் என் அண்ணன் மகள் அனுப்பிய டிஎன்ஏ சோதனைப் பெட்டியோடு வந்த படிவம் அது. குடும்பப் பெயரின் வழியைத் தேடுகிறாளாம். அதற்கு ஆண்வழியில் ஓர் ஆண் வேண்டும். அண்ணன் காலமாகிவிட்டார். ஆக, எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே எச்சில் என்னுடையது.

"குழாயில துப்பி அனுப்புங்கோ சித்தப்பா, அவ்வளவுதான்" என்றாள்.

அவ்வளவுதான் இல்லை. 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர், அப்பாவின் பெயருக்குப் பின்னால் தாத்தாவின் பெயர். தலைமுறைக்கு ஒன்றாக உதிர்ந்துகொண்டே வரும். அண்ணன் மகள் ஆஸ்திரேலியா போனதும் அண்ணனின் பெயர் அவளுடைய குடும்பப் பெயர் ஆகிவிட்டது. அவள் அவ்வளவு அக்கறையாகத் தேடிய பெயருக்கு வயது ஒரு தலைமுறை.

நான் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதினேன். என் பெயர், 'ஏ/எல்', அப்பாவின் பெயர். ஏ/எல் என்றால் மலாயில் 'அனாக் லெலாக்கி', இன்னாரின் மகன் என்று இந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நிறுவனத்தின் கணினிக்குத் தெரியவில்லை. ஏ/எல்லையே என் பெயராக எடுத்துக்கொண்டு, "அன்புள்ள ஆல்" என்று எனக்கு மின்னஞ்சல் அனுப்பியது. அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கி, அதே பெயருள்ளவர்களின் குழுவில் என்னைச் சேர்த்திருந்தார்கள். அது ஒரு கடவுளின் பெயர். பிஜியில் இருந்தார்கள், தென்னாப்பிரிக்காவில் இருந்தார்கள், கோயம்புத்தூரில் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

குழுவுக்கு வெளியே ஒரே ஒருவர் என்னோடு பொருந்தினார். பெயரில் ஓர் எழுத்துகூட ஒத்துப்போகவில்லை. ஆனால் ஆண்வழி அப்படியே ஒன்று. எங்கள் இருவருக்கும் தாத்தா ஒருவராக இருக்கலாம், அல்லது தாத்தாக்கள் உடன்பிறந்தவர்களாக இருக்கலாம் என்று அறிக்கை சொன்னது. ஆள் இங்கேயே, ரயிலில் போய்வரும் தூரத்துக் கிள்ளானில் இருந்தார்.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர். முதல் வேலை கிள்ளானில். பிறகு ஊருக்குப் போய்த் திருமணம் செய்துகொண்டு வந்தார். அவருடைய ஒரே தம்பியும் பின்னால் ரயில்வேக்கு வந்தார். அப்பாவும் அரசாங்க வேலை, நானும் அரசாங்க வேலை. எங்கள் வீட்டில் இரண்டு சொற்கள் உண்டு. 'அண்ணை' என்பது சொந்தத் தமையனுக்கு. 'அண்ணே' என்பது வெளியாருக்கு. பாசாரில் மீன் விற்பவர், லோரி ஓட்டுபவர், கார் நிறுத்த இடம் காட்டுபவர் எல்லோரும் அண்ணே. இரண்டையும் மாற்றிச் சொன்னால் அம்மா திருத்துவார். அது உச்சரிப்புப் பாடம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

கிள்ளான்காரர் செய்தி அனுப்பினார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தோம். எழுபத்திரண்டு வயது, என்னைவிட மூன்று வயது மூத்தவர். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பிறந்தநாளுக்கு மகள் இந்தச் சோதனைப் பெட்டியை வாங்கிக் கொடுத்தாளாம்.

"சட்டை வாங்கிக் குடுப்பான்னு பாத்தேன் சார். துப்பச் சொல்லிட்டா" என்று சிரித்தார். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இருந்த அதே சப்பை மூக்கு. நான் என் டீயைப் பார்த்துக்கொண்டேன்.

"அண்ணே, உங்க அப்பா எங்க பிறந்தார்?" என்று கேட்டேன்.

அவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். அவருடைய அப்பாவின் பிறப்புப் பத்திரம். ஊர் கிள்ளான். தாய், ரயில்வே குடியிருப்பில் கூட்டிப் பெருக்கும் வேலை. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. என் காலத்தில் கோடு போட மாட்டோம். 'மக்லுமாட் தீடாக் டிபெரோலேஹி' என்று எழுதுவோம், தகவல் பெறப்படவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதற்கும் அதே வாசகம்தான். அதை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கு இல்லை. எழுதியபின் ஒருமுறைகூட நிமிர்ந்து எதிரில் நிற்பவரைப் பார்த்ததாக ஞாபகமும் இல்லை.

"எங்கப்பாவுக்கு ஒத்தப் பேரு சார். பின்னாடி ஒண்ணுமே கெடையாது. அதக்கூட விட்டுடலாம். ஆடி அமாவாசைக்குத் திதி குடுக்கப் போனா ஐயர் மூணு பேரு கேக்குறாரு. அப்பா பேரு, தாத்தா பேரு, பூட்டன் பேரு. நான் ஒண்ணச் சொல்லிட்டு நிப்பேன். அவரு ஏதோ சொல்லிச் சமாளிப்பாரு. பக்கத்துல நிக்கிறவன் திரும்பிப் பாப்பான். எங்கப்பாவுக்கும் சாகுற வரைக்கும் இதே கததான். நானாவது போறதுக்குள்ள ஒரு தடவ மூணையும் சொல்லிடணும் சார்."

"தாத்தாவாகவும் இருக்கலாம், தாத்தாவின் தம்பியாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாத பேப்பரா சார்? பாருங்க லா."

வீட்டுக்கு வந்து இரும்பு அலமாரியைத் திறந்தேன். அப்பா எதையும் எறிந்ததில்லை. தாத்தாவின் தம்பிக்கு ரயில்வேயில் வேலை கொடுத்த கடிதம் இருந்தது. அந்தக் கடிதத்தைப் பெற்ற பிறகுதான் அவர் யாழ்ப்பாணத்திலிருந்து முதன்முதலாகக் கப்பலேறினார். தேதியைப் பார்த்தேன். கிள்ளான்காரரின் அப்பா பிறந்து நான்கு வருடம் கழித்து.

அண்ணன் மகளை அழைத்துச் சொன்னேன்.

"சித்தப்பா, உங்கட சின்னத் தாத்தா கல்யாணமே கட்டேல்லைத்தானே. அவர் எண்டு சொல்லி விடுங்கோவன்."

"அவர் அப்போ மலாயாவிலேயே இல்லை."

"கடிதத்தை ஆர் பார்க்கப் போகினம்? இவ்வளவு காலத்துக்குப் பிறகு உங்கட தாத்தாவின்ட பேரை ஏன் கெடுக்கிறீங்கள்?"

பெயரைத் தேடத் தொடங்கியவளே அவள்தான் என்று நினைவுபடுத்தினேன். "நான் தேடினது முன்னால ஆர் இருந்ததெண்டு. பக்கத்தில ஆர் இருக்கினம் எண்டு இல்லை" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்த யோசனை அவள் சொல்வதற்கு முன்பே எனக்கு வந்திருந்தது.

ஒரு வாரம் யோசித்து, அதிகாரிக்கே உரிய ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். தாத்தாவானாலும் அவர் தம்பியானாலும் இருவருக்கும் அப்பா ஒருவர்தான். ஆகவே பூட்டனின் பெயரைத் தயங்காமல் கொடுக்கலாம். அதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கிள்ளான்காரருக்கு அனுப்பினேன். மூன்றாவது கட்டம் நிரம்பியது. இரண்டாவது, தாத்தாவின் பெயர், இன்னும் ஆய்வில் இருப்பதாகச் சொன்னேன். அரசாங்கத்தில் ஆய்வு என்றால் என்னவென்று நமக்குத் தெரியும்.

அவர் அன்று மாலையே அழைத்தார். அந்தப் பெயரை நான்கு முறை சொல்லிப் பார்த்தார், இழுத்து ஒருமுறை, நிறுத்தி ஒருமுறை. பிறகு, "நடுவுல மட்டும் ஓட்டையா இருக்கு சார். பரவால்ல. அமாவாசைக்கு நீங்களும் வாங்களேன்" என்றார்.

ஆடி அமாவாசையன்று முதல் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். அவர் தம்முடைய பழைய காரில் மோரிப் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். கூட்டம் நெரிந்தது. ஐயர் எங்கள் பத்துப் பேரை வரிசையாக உட்கார வைத்து, எள்ளும் தர்ப்பையும் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டுக்கொண்டே வந்தார். கிள்ளான்காரரின் முறை வந்தது.

"அப்பா பேரு?"

சொன்னார்.

"தாத்தா பேரு?"

அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தார். அதில் அது இல்லை என்று அவருக்கும் தெரியும். அடுத்த வரிசையில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். "தெரியலன்னா விடுங்கோ, நான் பொதுவா சொல்லிடுறேன்" என்றார் ஐயர், சத்தமாக. கிள்ளான்காரர் தலை குனிந்தார். எழுபத்திரண்டு வயது மனிதர், பிறந்ததிலிருந்து எங்கள் அலுவலகத்துக் கவுண்டர் ஒன்றின் முன்னால் நிற்பவர் போல இருந்தார்.

நான் என் தாத்தாவின் பெயரைச் சொன்னேன். ஐயருக்குக் கேட்கும்படி, கொஞ்சம் கூடுதலாகவே.

கிள்ளான்காரர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐயர் சொல்லச் சொல்ல அந்தப் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். பாதி வெளியே சிந்தியது. பிறகு பூட்டன் பெயரைத் தாளைப் பார்க்காமலே சொன்னார்.

அடுத்தது நான். அப்பா பெயர் சொன்னேன். தாத்தா பெயர் சொன்னேன். பூட்டன் பெயர் சொன்னேன். ஐயர் நிறுத்தினார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா வருதே. சொந்தமா?"

"தெரிஞ்சவரு சாமி" என்று கிள்ளான்காரர் முந்திக்கொண்டார். என்னைக் காப்பாற்றுகிறாராம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பெரியப்பா மகன்" என்றேன்.

பிண்டத்தைக் கரைக்க இருவரும் கடலுக்கு நடந்தோம். தண்ணீர் வடிந்து சேறாக இருந்தது. அவர் இரண்டு முறை வழுக்கினார்.

"பார்த்து வாங்கோ, அண்ணை" என்றேன்.

"என்ன சார், அண்ணேங்கறதப் புதுசா இழுக்குறீங்க?"

"எங்க வீட்டில் அப்படித்தான்."

அவர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டார். "அப்ப நான் உங்கள தம்பின்னு கூப்பிடணுமா?"

"முறைப்படி அப்படித்தான்."

"வேணாம் லா. சார்னே இருக்கட்டும். வாய்க்குப் பழகிடுச்சு" என்று கையைக் கழுவிக்கொண்டார்.

அண்ணன் மகளிடம் இன்றே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே காரில் ஏறினேன். அவர் என்ஜினை முடுக்கினார். ஏதோ எச்சரிக்கை மணி விடாமல் அடித்தது. அவர் என் பக்கம் திரும்பி, நாற்பது வருடம் லோரி ஓட்டியவரின் அதிகாரத்தோடு சொன்னார்:

"தம்பி, சீட் பெல்ட் போடு."