கிளட்ச் இல்லாத காரும் பூஜைச் சந்தனமும்

நாகர்கோவில் இன்னும் திருவனந்தபுரத்து ஆட்சியின் கீழ் இருந்த காலம். கோட்டாற்றில் ஒரு வீட்டில் நான் டிரைவர். அங்கிருந்தது கிளட்ச் இல்லாத அமெரிக்கக் கார். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். கொழும்பில் வியாபாரம் செய்த முதலாளி ஆசைப்பட்டுக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். வந்த வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். மிஞ்சியது அந்தக் கார், பிள்ளையில்லாத முதலாளியம்மா, ஷெட்டை ஒட்டிய அறையில் நான்.

சொந்தம் என்று என் ஊரான குழித்துறையில் எனக்கு யாரும் மிச்சமில்லை. சமையல்காரி சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாள். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் முதலாளியம்மாவுக்கு இடுப்பு போயிருந்தது. ராத்திரி வலியில் உறக்கம் கிடையாது. சாயங்காலம் கன்னியாகுமரி வரை போய், காருக்குள் இருந்தபடியே கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். போகவர அவரும் பேசமாட்டார். "மழை வரும் போலிருக்கு" என்றால் அன்றைக்கு அதுதான் பேச்சு. அந்த ஒரு வரிக்காகக் காலையிலிருந்தே காரைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

ஆயுத பூஜை வந்தது. காரைக் கழுவி நிறுத்தினேன். அம்மா ஊன்றுகோலோடு வந்து பானெட்டைத் திறக்கச் சொன்னார். "அவரு கண்ணுல பட்ட எல்லாத்துக்கும் பொட்டு வப்பாரு" என்று இன்ஜின் முழுக்கச் சந்தனம் வைத்தார். தோவாளைப் பூமாலை ஒன்றையும் உள்ளே சார்த்தினார்.

சில நாளில் ஆரம்பித்தது வினை. இன்ஜின் உறுமும், கியர் மாறாது, பிறகு பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல ஒரு முட்டு முட்டி மாறும். அம்மா அலறுவார்.

"ஏலே சவமே, பைய போலே! காரு ஓட்டுகியா, இல்ல ஒரல்ல நெல்லு குத்துகியா?"

"நான் ஒண்ணும் செய்யல்லம்மா. அது தானா முட்டுது."

"அவரு ஓட்டினா மடியில வச்ச காப்பி சிந்தாது, தெரியுமா?"

திட்டில் தொடங்கிய பேச்சு முதலாளியின் கதைக்குப் போகும். அங்கிருந்து கொழும்புக் கடைத்தெரு. ஒருநாள், "நீ மத்தியானம் வல்லதும் தின்னியா?" என்றுகூடக் கேட்டார். அந்த வீட்டுக்கு வந்தபின் அப்படி ஒருவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. தின்றேன் என்று மட்டும் சொன்னேன்.

ஆனால் அந்த முட்டலில் அம்மாவின் வலி கூடிக்கொண்டே போனது. சுசீந்திரம் தாண்டுவதற்குள் அவர் முகம் வெளிறிவிடும். கடைசியில் பாதி வழியில் திருப்பச் சொன்னார். "இனி காரு வேண்டாம். ஷெட்டுல போட்டுப் பூட்டு." பூட்டினால் அவருக்குக் கடல் கிடையாது. எனக்கோ மனிதக் குரலே கிடையாது.

பட்டறைக்காரர் வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கியர்பெட்டிய எறக்கிப் பாத்துருவோமா அண்ணாச்சி?"

"எறக்கினா திரும்ப ஏத்தத் தெரியுமா ஓய்?"

"அது ஏத்தும்போ பாக்கலாம்."

நல்ல ஆளய்யா! காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு நானே பார்க்கலானேன். கியர்பெட்டியின் எண்ணெய் அளவு சரி, கருகிய வாடையும் இல்லை. இன்ஜினைத் தாங்கும் ரப்பர்கள் கெட்டியாக இருந்தன. பின் சக்கரத்துக்குப் போகும் தண்டிலும் ஆட்டம் இல்லை. காரைத் தெருவில் விட்டுப் பார்த்தேன். லேசாக மிதித்தாலும் அதே முட்டு, ஓங்கி மிதித்தாலும் அதே முட்டு. அப்போதுதான் உறைத்தது: ஓங்கி மிதித்தால்தான் கியர் இப்படித் தாமதித்து முட்டி மாறும்; நான் எப்படி மிதித்தாலும், ஓங்கி மிதிப்பதாகவே இந்தப் பெட்டி நினைத்துக்கொண்டிருக்கிறது. என் கால் அழுத்தத்தை அதற்குச் சொல்வது ஒரு கம்பி. கார்பரேட்டர் பக்கத்திலிருந்து அந்தக் கம்பியை விரலால் தடவிக்கொண்டே போனேன். மூட்டில் என்னவோ கல்போல இருந்தது. சுரண்டினேன். சந்தனம்! மாலையின் வாழைநார் அந்த மூட்டில் சுற்றி, சந்தனமும் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து இறுகிக் கிடந்தது. அதனால் கம்பி முழுக்கத் திரும்பாமல் சற்றுத் தள்ளியே நின்றிருக்கிறது.

மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரைப் பின் சீட்டில் வைத்துக் கோட்டாற்றைச் சுற்றி வந்தேன். சொட்டுக்கூடச் சிந்தவில்லை. சந்தோஷத்தில் காரிடமே, "கொள்ளாம் மக்கா!" என்று உரக்கச் சொன்னேன்.

என்ன கோளாறு என்று அம்மாவிடம் சொல்லவில்லை. கம்பியில் அழுக்கு என்றேன். அன்று சாயங்காலம் கிளம்பினோம். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு நல்ல வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். சுசீந்திரத்தில் கண்ணாடியில் பார்த்தால், அம்மா தலை சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். கடல் வந்தும் எழுப்ப மனம் வரவில்லை. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ராத்திரி கிடைக்காத உறக்கம் அவருக்குக் காரில் கிடைத்தது. கொழும்புக் கதை நின்றது. மழை வரும் என்ற அந்த ஒரு வரியும் நின்றது. எரிச்சலாக வந்தது எனக்கு. யாரைப் போய்ச் சொல்ல?

மறு வருடம் ஆயுத பூஜை. அம்மா அதேபோலப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். அந்த மூட்டுக்கும் வைத்தார், தாராளமாகவே வைத்தார். மாலையைச் சார்த்திவிட்டு உள்ளே போனார். நான் மண்ணெண்ணெய்த் துணியோடு நின்றேன். விட்டுவிட்டால் போதும், சில நாளில் காய்ந்துவிடும். "ஏலே சவமே" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வரும். சாப்பிட்டாயா என்று கேட்கும். நெடுநேரம் நின்றேன்.

பிறகு குனிந்து துடைத்தேன். நாரையும் ஒன்று விடாமல் எடுத்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம், சுசீந்திரம் வருமுன்பே அவர் உறங்கிவிட்டார். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. "மழை வரும் போலிருக்கும்மா" என்றேன், அவர் எழுந்துவிடாதபடி மெதுவாக.